ஐலாஷ் எக்ஸ்டென்ஷன் போட்டவங்க வாங்க, உங்களுக்கு என்ன நடந்துச்சு?

கயல்

மூணு வாரமா மனசுல கிடந்து உறுத்துது, அதான் எழுதறேன். சொந்த இமை முடி ஒவ்வொண்ணுலயும் ஒரு செயற்கை முடியைப் பசையால ஒட்டுற கிளாசிக் செட், வளைவு சி கர்ல், நீளம் 11 மி.மீ. ரெண்டு மணி நேரம் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். முடிச்சதும் கண்ணாடியில பார்த்தா அழகாத்தான் இருந்துச்சு. ஆனா வலது கண்ணுல, கடைக்கண்ணுக்குக் கொஞ்சம் முன்னாடி, ஒரே ஒரு இடத்துல சுருக்குனு இழுத்துச்சு. ஊசி முனை அளவு இடம். சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அந்தப் பொண்ணு அவ்வளவு நேரம் குனிஞ்சு உட்கார்ந்துட்டு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு எழுந்ததைப் பார்த்ததும், புதுசுன்னா இப்படித்தான் இருக்கும்போலன்னு விட்டுட்டேன்.

ஒன்பதாவது நாள் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலே தூக்கம் கலையுது. மொபைல் டார்ச்சை அடிச்சு, பெருசாக் காட்டுற கண்ணாடியில பார்த்தேன். ஒரு எக்ஸ்டென்ஷனோட அடியில என் சொந்த முடி மூணு மாட்டியிருக்கு. ரெண்டு நல்லா வளர்ந்தது. மூணாவது இப்பத்தான் முளைச்ச குட்டி முடி, நிறம்கூட இன்னும் வெளுப்பு. மூணையும் சேர்த்துப் பிடிச்சு ஒரு பசை உருண்டை. குட்டி வளரப் பார்க்குது, நுனி அங்க மாட்டியிருக்கு, அதனால வில்லு மாதிரி வளைஞ்சு நிக்குது. அதோட வேர்ல சின்னதா ஒரு சிவப்புப் புள்ளி.

வேற டெக்னீஷியன்கிட்ட போனேன். ரெண்டு ட்வீசரால விலக்கிப் பார்த்துட்டு, "பிரிக்க வராதுங்க, ரிமூவர்தான் வைக்கணும்"னாங்க. கொஞ்ச நேரத்துல வழிச்சு எடுத்தாங்க. குட்டி முடி டக்குனு நிமிர்ந்துச்சுன்னு அவங்கதான் சொன்னாங்க. கண்ணை மூடியிருந்த எனக்குத் தெரிஞ்சது வலி நின்னது மட்டும்தான்.

முதல் நாளே வாயைத் திறந்திருந்தா ஒரு நிமிஷ வேலை.

மழைச்சாரல்

கயல், உங்களுக்கு ஒரு முடியோட போச்சு. எனக்கு அந்தப் பசையே ஆகாம போச்சு.

நாலு தடவை போட்டு ஒண்ணும் ஆகலை. அஞ்சாவது தடவை போட்ட மறுநாள் காலைல ரெண்டு இமையும் ஊதி, கண்ணு வெறும் கோடாத் தெரிஞ்சுது. வெள்ளை விழி சிவக்கவே இல்ல. இமைத் தோல் மட்டும் தடிச்சு, தாங்க முடியாத அரிப்பு. என் பொண்ணுக்கு மூணு வயசு. வழக்கமா எழுந்ததும் மேல வந்து விழுவா. அன்னிக்குக் கதவுகிட்டயே நின்னு பார்த்துட்டு அவ அப்பாகிட்ட போயிட்டா. இன்னிக்கு வரைக்கும் எனக்கு அதான் ஞாபகம் வருது.

போடறதுக்கு முன்னாடியே, கொஞ்சம் பசை வச்சு அலர்ஜி வருதான்னு பார்க்குற பேட்ச் டெஸ்ட் வேணாமான்னு கேட்டேன். "நாலு தடவை போட்டாச்சே, உங்களுக்கு எதுக்கு"ன்னு சொன்னாங்க. கண் டாக்டர் சொன்னது நேர்மாறு. அலர்ஜி முதல் தடவையே வரணும்னு இல்லையாம், பல தடவை பட்ட பிறகுதான் உடம்பு எதிர்க்க ஆரம்பிக்குமாம். ஒரு தடவை வந்துட்டா அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் கடுமையா வரலாம்னாங்க. கறுப்புச் சாயம்தான் காரணம்னு நினைச்சு, நிறமில்லாத பசை போட்டுக்கலாமான்னு கேட்டேன். அதுல கார்பன் பிளாக் இருக்காது, ஆனா எனக்கு ஆகாத சயனோஅக்ரிலேட், அதாவது ஒட்ட வைக்கிற பொருள், அதுலயும் இருக்கும்னுட்டாங்க. அத்தோட விட்டுட்டேன்.

தீபஒளி

கயல் அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க, போட்ட அன்னிக்கு முகம் கழுவினீங்களா? 24 மணி நேரம் தண்ணி, ஆவி எதுவும் படக்கூடாது. ஈரம் பட்டா பசை இளகி உருண்டையாகும். நான் 48 மணி நேரம் காத்திருந்தேன், எனக்கு எந்தப் பிரச்சினையும் வரலை.

நிலாமுற்றம்

தீபஒளி, இதை நான் மறுத்தே ஆகணும். இந்தப் பேச்சை நம்பித்தான் என் கண் கெட்டது.

ஐலாஷ் பசை சூப்பர் க்ளூ குடும்பம். 1942-ல ஹாரி கூவர்னு ஒரு வேதியியலாளர் வேற எதையோ செய்யப் போய், தொட்டதெல்லாம் ஒட்டுதுன்னு இதை ஒதுக்கி வச்சார். 1958-ல அதே குணத்துக்காகவே கடைக்கு வந்துச்சு. இந்தப் பசையை இறுக வைக்கிறதே காத்துல இருக்குற ஈரம்தான். ஈரம் பட்டா இறுகும், இளகாது. மூணு முடி சேர்ந்து மாட்டினது முடியைத் தனித்தனியாப் பிரிக்காம வச்சதால. கயல் முகம் கழுவினதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஒரு நாள் பொறுங்கன்னு உங்க டெக்னீஷியன் சொன்னா பொறுத்துக்கோங்க, தப்பில்ல. ஆனா அந்த ஒரு நாள் பேச்சு நம்ம மனசுல "தண்ணியே ஆகாது"ன்னு பதிஞ்சுடுது பாருங்க, அங்கதான் வினை.

நான் பதினாறு நாள் இமையைக் கழுவலை. கொட்டிடுமோன்னு பயம். முகத்தை மட்டும் துணியால துடைச்சுக்குவேன். காலைல கண்ணைத் திறக்கும்போது இமை ஒட்டிக்கிட்டு வந்துச்சு. டாக்டர் காட்டன் பட்ஸால இமை ஓரத்தை ஒரு இழு இழுத்து, என் கண்ணு முன்னாடி காட்டினாங்க. பொடுகு மாதிரி மஞ்சள் செதில், எண்ணெய்ப் பிசுக்கோட. பிளெஃபரைட்டிஸ், அதாவது இமை ஓரத்துல அழற்சி. "கழுவறதால கொட்டாதும்மா, கழுவாததாலதான் கொட்டும்"னாங்க.

இப்ப தினமும் ராத்திரி எண்ணெய் இல்லாத ஐலாஷ் ஷாம்பு நுரையை மெத்துனு இருக்குற பிரஷ்ல எடுத்து, வேர் ஓரத்துல மேலிருந்து கீழ தடவறேன். அப்புறம் தண்ணி விட்டு அலசி, டிஷ்யூவால ஒத்தி எடுத்து, நல்லாக் காஞ்ச பிறகுதான் ஸ்பூலியால, அதாவது இமை முடி சீவுற குட்டி பிரஷ்ஷால, சீவுவேன். ஈரத்தோட சீவினா சிக்குப் போட்டு இழுக்கும். மேக்கப் கலைக்க எண்ணெய் கலந்த எதையும் தொடறதில்ல. வாட்டர்ப்ரூஃப் மஸ்காராவும் நிறுத்தியாச்சு, அதைக் கலைக்க எண்ணெய்தான் வேணும்.

தீபஒளி

சரி, பசை விஷயத்துல நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா எனக்குச் சொல்லிக்கொடுத்தவங்க 48 மணி நேரம்தான் சொன்னாங்க, மூணு வாரம் நல்லா நின்னுச்சு. அதையும் பொய்னு சொல்ல முடியாதே.

வானவில்தேடி

எனக்குச் சின்ன அனுபவம்தான். வறண்ட கண் பிரச்சினை ஏற்கெனவே உண்டு. அதைச் சொல்லாம 14 மி.மீ. போட்டுக்கிட்டேன். ஃபேன் காத்துல உட்கார்ந்தா கண்ணு எரிஞ்சு தண்ணியாக் கொட்டும். நீளமா இருந்தா காத்தைத் தடுக்கும்னுதான் நினைச்சேன். 2015-ல அமெரிக்காவுல ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்துல டேவிட் ஹூ குழு 22 வகைப் பாலூட்டிகளோட இமை முடியை அளந்து பார்த்திருக்காங்க. கண் அகலத்துல மூணுல ஒரு பங்கு நீளம்தான் கண்ணுக்குப் பாதுகாப்பாம். அதைத் தாண்டினா முடியே காத்தைக் கண்ணுப் பக்கம் திருப்பி விடும். கழட்டின அன்னிக்கு ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்து பார்த்தேன், எரியலை.

இமைக்கை

நான் இந்த வேலையில இருக்கறவ. இவ்வளவு நாளா யார்கிட்டயும் சொல்லாததை இங்க சொல்றேன்.

கல்யாணப் பொண்ணு ஒருத்தி 15 மி.மீ. நீளம், சி-யை விட அதிகம் வளைஞ்ச டி கர்ல், 0.20 மி.மீ. தடிமன் கேட்டா. அவளோட சொந்த முடி ரொம்ப மெலிசு. முடியாதுன்னு சொல்லியிருக்கணும். கல்யாணம்ங்கறதால ஒத்துக்கிட்டேன். ஆறு வாரம் கழிச்சு வந்தா. கண்ணை மூடச் சொல்லி டேப் ஒட்டும்போது இடது இமை நடுவுல சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு வெறும் தோல் தெரிஞ்சுது. அவளுக்கு அது தெரியாது. நான்தான் கண்ணாடியைக் கையில கொடுத்துக் காட்டினேன். "அக்கா, இது திரும்ப முளைக்குமா"ன்னு மட்டும் கேட்டா. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

அதனால யாரும் கேட்காட்டியும் சொல்றேன். 0.20 முடி 0.10 முடியைப் போல ரெண்டு மடங்கு கனம்னு நினைக்காதீங்க, விட்டம் ரெண்டு மடங்கானா கனம் நாலு மடங்கு. நீளமும் உங்க முடியை விட ரெண்டு மூணு மி.மீ. மட்டும் கூடுதலாப் போதும். வால்யூம், அதாவது அடர்த்தியான செட் கேட்டா, 0.07 அல்லது 0.05 முடி பலதைச் சேர்த்து விசிறி மாதிரி செஞ்சு வைக்கறாங்களான்னு பாருங்க. ஒரு சொந்த முடிக்கு ஒரு எக்ஸ்டென்ஷன், இல்லன்னா ஒரு மெல்லிய விசிறி. பசை தோல்ல படவே கூடாது, அரை மி.மீ.லருந்து ஒரு மி.மீ. வரைக்கும் இடைவெளி இருக்கணும். கான்டாக்ட் லென்ஸைக் கழட்டச் சொல்லாதவங்ககிட்டயும், கீழ் இமையை ஜெல் பேடால மூடாதவங்ககிட்டயும் படுக்காதீங்க. நடுவுல எரிஞ்சா உடனே சொல்லுங்க. பசைப் புகை உள்ள போகுதுன்னா கண்ணு சரியா மூடலைன்னு அர்த்தம்.

ரெண்டு மூணு வாரத்துல ரீஃபில், அதாவது உதிர்ந்த இடத்துல புதுசு வைக்கறது. சொந்த முடியே தினமும் ஒண்ணு ரெண்டு உதிரும், எக்ஸ்டென்ஷனும் அதோட வரும், பயப்பட வேண்டாம். உதிர்ந்ததை எடுத்துப் பாருங்க. ஒரு எக்ஸ்டென்ஷன்ல உங்க முடி ரெண்டு மூணு ஒட்டியிருந்தா போட்ட விதம் தப்பு. தொங்கிக்கிட்டு நிக்கறதை மட்டும் கையால பிடுங்கிடாதீங்க. வேரோட வந்துடும். அப்படியே தொடர்ந்தா அந்த இடத்துல முளைக்கறதே நின்னு போகலாம்.

கயல், முதல்ல போட்டவங்ககிட்ட இதைச் சொன்னீங்களா? சொல்லலைன்னா சொல்லுங்க. நாங்க கண்ணை மூடியிருக்கற முகத்தைத்தான் பார்க்கறோம். ஒன்பதாம் நாள் என்ன ஆச்சுன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாது.

மழைச்சாரல்

அக்கா, அந்தப் பொண்ணுக்கு முளைச்சுதா?

இமைக்கை

முளைச்சுது. ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. நடுவுல ரெண்டு மட்டும் கொஞ்சம் குட்டையாவே நின்னுடுச்சு.

கயல்

இல்லக்கா, சொல்லலை. சண்டை போடற மாதிரி ஆயிடுமோன்னு இருந்துச்சு. நீங்க எழுதினதைப் படிச்சுட்டு இப்பத்தான் டார்ச் அடிச்சு எடுத்த அந்தப் படத்தை அனுப்பினேன். "வலது கண், கடைக்கண் பக்கம், முதல் நாளே இழுத்துச்சு, நான்தான் சொல்லலை"ன்னு கீழ எழுதினேன். பார்த்துட்டாங்க. இன்னும் பதில் வரலை.