மதுரைக்குத் தனியாக இணையப் பரிமாற்ற மையம் தேவையா?

வைகைக்கரை:
மதுரையில் வீடுகளுக்கு நெட் கொடுக்கும் சின்ன நிறுவனம் எங்களுடையது. நேற்று அடுத்த தெருவில் வேறு கம்பெனி லைன் வைத்திருக்கும் நண்பர் வீட்டுக்கு டிரேஸ்ரூட் (டேட்டா எந்த வழியாகப் போகிறது என்று காட்டும் கட்டளை) போட்டேன். டேட்டா பாக்கெட் சென்னை போய்த் திரும்பி வருகிறது! உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து பரிமாற்ற மையமாக இங்கேயே ஒரு சுவிட்ச் வைத்து, அவரவர் ரவுட்டரை அதில் இணைத்து, பிஜிபி (நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் முறை) வழியாக ரூட்டுகளைப் பகிர்ந்துகொண்டால் என்ன?

ஃபைபர்_அண்ணாச்சி:
தம்பி, கணக்கைப் பாருங்கள். ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. சென்னை போய்வர 5 மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். வாடிக்கையாளர் இழுப்பதில் பெரும்பகுதி யூடியூபும் ரீல்ஸும். அடுத்த தெருவுக்கு எவ்வளவு போகிறது? சென்னையில் நிக்ஸி, டிஇ-சிக்ஸ் என்று பரிமாற்ற மையங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அங்கே ஒரு போர்ட் (இணைப்பு முனை) எடுங்கள். மதுரையில் வைத்தால் ரேக், யுபிஎஸ், ஏசி, ராத்திரி போனை எடுக்க ஓர் ஆள்... யார் செலவு?

வைகைக்கரை:
தாமத விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. என் கவலை வேறு. போன மழைக்காலத்தில் சாலை தோண்டும்போது எங்கள் சென்னை ஃபைபர் அறுந்தது. ஒரு ஸ்கேன் சென்டர், அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டாக்டரின் சர்வருக்குப் படம் அனுப்ப முடியாமல், பென்டிரைவைக் கொடுத்து ஒரு பையனை சைக்கிளில் அனுப்பினார்கள். இரண்டு வீதியிலும் லைன் உயிரோடுதான் இருந்தது.

ஃபைபர்_அண்ணாச்சி:
அதற்கு இரண்டாவது ஃபைபர் வாங்குங்கள், வேறு சாலை வழியாக. டிஎன்எஸ் (இணையப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் அமைப்பு) பதில் வெளியூரிலிருந்து வரவேண்டும் என்றால் உள்ளூர் சுவிட்ச் மட்டும் என்ன செய்யும்?

ரூட்டர்ராணி:
டிஎன்எஸ்ஸின் உச்சியில் இருக்கும் ரூட் சர்வரின் நகலைப் பரிமாற்ற மையத்திலேயே வைக்கலாம் அண்ணாச்சி, உலகெங்கும் வைக்கிறார்கள். உள்ளூர் பெயர்களுக்கான சர்வரையும் பக்கத்திலேயே வையுங்கள். அப்புறம் நைரோபியைப் பாருங்கள். 2000 நவம்பரில் கிக்ஸ்பி என்ற கென்யாவின் பரிமாற்ற மையம் தொடங்கிய இரண்டே வாரத்தில், தொலைபேசி நிறுவனமான டெல்காம் கென்யா புகார் செய்ததால் மூடப்பட்டது. 2002 பிப்ரவரியில்தான் உரிமத்தோடு திறந்தது. அதுவரை நைரோபிக்குள் போகும் மெயில்கூட சாட்டிலைட் ஏறி வெளிநாடு போய் வந்தது. அங்கேயும் தொடக்கத்தில் உள்ளூர் டிராஃபிக் குறைவுதான். மையம் நிலைபெற்ற பிறகே கூகுள் கேஷ் (அதிகம் பார்க்கப்படும் கூகுள், யூடியூப் டேட்டாவின் நகலைப் பக்கத்திலேயே வைக்கும் சர்வர்) வந்தது.

ஃபைபர்_அண்ணாச்சி:
அவர்களுக்கு சாட்டிலைட், நமக்கு ஃபைபர்; இரண்டும் ஒன்றாகாதம்மா. பெரிய நிறுவனங்கள் சேராவிட்டால் ஊரில் பாதி வீடு வெளியே நிற்கும். முதலில் எத்தனை பேர் ஏஎஸ் எண் (பிஜிபியில் ஒரு நெட்வொர்க்கை அடையாளம் காட்டும் எண்) வைத்திருக்கிறீர்கள், அதைச் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
எனக்குத் தெரிந்து மூன்று பேர். நாளைக்கே ஆளாளுக்குப் போன் போட்டுக் கேட்கிறேன்.