மூளைக்காயம்: அரசு மருத்துவமனையின் ஓ.பி. மறுவாழ்வுப் பிரிவு குறைக்கப்படாமல் இருக்க என்ன செய்யலாம்?

லிங்கராஜபுரத்துக்காரி:

பெங்களூரு நண்பர்களுக்கு வணக்கம். பத்து மாதங்களுக்கு முன் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்ததில் என் கணவருக்குத் தலையில் பலத்த அடிபட்டது. ரத்தக்கட்டை அகற்றும் அறுவை சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பினார். நடக்கிறார், சாப்பிடுகிறார், வருபவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார். அதனால் உறவினர்கள் அனைவரும் "தேறிவிட்டார்" என்கிறார்கள். ஆனால் கரண்டியைக் காட்டினால் "சாவி" என்கிறார். போன மாதம் டீ போடச் சொன்னபோது, பாலைப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பின்மேல் வைத்தவர், அடுப்பைப் பற்றவைக்காமலே கால்மணி நேரம் அதன் முன் நின்றுகொண்டிருந்தார்.

ஓர் அரசு மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவுக்கு வாரம் மூன்று நாள் ஓ.பி.யில் அழைத்துச் செல்கிறேன். பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளை மீண்டும் செய்யப் பழக்கும் பயிற்சி), ஸ்பீச் தெரபி மூன்றும் ஒரே தாழ்வாரத்தில் நடக்கின்றன. ஸ்பீச் தெரபி அம்மாவுக்குத் தமிழும் தெரியும் என்பது எங்கள் நல்ல காலம், ஏனெனில் என் கணவருக்குத் தமிழும் கன்னடமும் கலந்துதான் வருகின்றன. அடுத்த மாதத்திலிருந்து வாரத்துக்கு ஒரு நாள் பிசியோதெரபி மட்டுமே இருக்கும் என்றும், மற்றவற்றை வெளியில் பார்த்துக்கொள்ளும்படியும் இப்போது வாய்மொழியாகச் சொல்கிறார்கள். தனியாரிடம் ஒவ்வொரு தடவையும் பணம் கட்ட எங்களால் இயலாது. அரசு மருத்துவக் காப்பீட்டுக்கான ஆயுஷ்மான் அட்டையைக் காட்டினால், படுக்கையில் சேர்ந்தால்தான் அது செல்லும் என்கிறார்கள். குடும்பத்தார் முறைப்படி என்ன செய்யலாம்?

பானசவாடி தெரபிஸ்ட்:

சகோதரி, நான் பதினோரு ஆண்டுகளாக ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக இருக்கிறேன். அட்டையைப் பற்றி உங்களுக்குச் சொன்னது சரிதான். 2018இல் தொடங்கிய அத்திட்டம் ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உள்நோயாளிச் சிகிச்சைக்குத் தருகிறது; டிஸ்சார்ஜ் ஆன பின் 15 நாள் செலவையும் ஏற்கிறது. மூளைக்காயத்தில் எங்கள் வேலை பெரும்பாலும் அந்த 15 நாளுக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அடுப்பின் முன் நின்றதைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ யாரும் எண்ண வேண்டாம். மூளையின் முன்பகுதியில் அடிபட்டால், கைகால் வலு திரும்பிய பிறகும் ஒரு செயலைத் தொடங்குவதும் அடுத்த படிக்கு நகர்வதும் தடைப்படலாம். டீ போடுவதை ஏழெட்டுப் படிகளாகப் பிரித்துப் படங்களாகச் சுவரில் ஒட்டி, ஒரு படி முடிந்ததும் படத்தைத் தொட்டுவிட்டு அடுத்ததற்குப் போகப் பழக்குவோம். கை விறைத்திருந்தால் பாத்திரத்தை எப்படிப் பிடிப்பது என்று பிசியோதெரபிஸ்ட் அங்கேயே காட்டுவார். ஸ்பீச் தெரபிஸ்ட் அதே டீயை வைத்து "சர்க்கரை" என்ற சொல்லை வரவழைப்பார். மூன்றையும் மூன்று இடங்களுக்குப் பிரித்தால் இது நடக்காது. இத்தகையவர்கள் விரைவில் களைத்துப்போவார்கள் என்பதால், சில்க் போர்டு சந்திப்பின் வாகன நெரிசலைக் கடந்து வந்தவரிடம் பயிற்சிக்கென்று மிஞ்சும் தெம்பும் கொஞ்சமே.

நான் பார்த்தவரையில் இப்பிரிவுகளை ஆணை போட்டு மூடுவதில்லை. ஒப்பந்தத்தில் இருக்கும் ஒருவர் விலகுவார், அந்த இடம் காலியாகவே கிடக்கும், பதிவேட்டில் வருகை குறையும், பிறகு அந்தக் குறைந்த எண்ணிக்கையையே காட்டிப் பிரிவு தேவையில்லை என்பார்கள். ஆகவே "மூடாதீர்கள்" என்று பொதுவாக எழுதாமல், "இந்தக் காலியிடத்தை நிரப்புங்கள்" என்று எழுதுங்கள்.

அல்சூர் ஓய்வுபெற்ற கணக்கர்:

மறுத்துப் பேசுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு மூளைக்காய நோயாளிக்கு முக்கால் மணி நேரம் செலவிடும் தெரபிஸ்ட், அதற்குள் முதுகுவலிக்காரர் நால்வரைப் பார்த்துவிடலாம். நிர்வாகம் தலைகளை எண்ணித்தான் கணக்கெழுதும். தவிரவும், கர்நாடக அரசு, பெங்களூரின் மூளை, மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸுடன் சேர்ந்து 2022இல் தொடங்கிய மூளை நலத் திட்டத்தில் மாவட்ட மருத்துவமனைகளில் கிளினிக்குகள் வருகின்றன. கோலாரிலிருந்து வருபவருக்குக் கோலாரிலேயே கிடைத்தால் நல்லதுதானே?

அக்கா ஒருத்தி, விவேக் நகர்:

ஐயா, கோலாரில் கிடைப்பது நல்லதே. அங்கே தெரபிஸ்ட் வேலையில் சேர்ந்த பிறகு இங்கே குறைக்கட்டும் என்பதுதான் என் கோரிக்கை. டாக்டர் பார்க்கும் கிளினிக் வேறு, வாரம் மூன்று நாள் பயிற்சி தரும் பிரிவு வேறு.

சகோதரி, என் தம்பிக்காக வேறொரு மருத்துவமனையில் இந்த வழியில் போயிருக்கிறோம். முதலில் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டருடன் தகவல் உரிமை விண்ணப்பம் போடுங்கள். கர்நாடக விதிப்படி அது 150 சொற்களுக்குள், ஒரே பொருளைப் பற்றி இருக்க வேண்டும். நாங்கள் ஆத்திரத்தில் மூன்று பக்கம் எழுதி, அது திரும்பி வந்தது. ஒப்பளிக்கப்பட்ட தெரபிஸ்ட் இடங்கள் எத்தனை, எவை எந்தத் தேதியிலிருந்து காலி, நேரக் குறைப்பு ஆணையின் நகல் ஆகியவற்றை மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

அந்தப் பதிலை இணைத்து, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் மனுக் கொடுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு மறுவாழ்வுச் சேவையை அரசின் பொறுப்பாக்குகிறது. ஆனால் பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்ற சொற்களும் அதில் உண்டு, அதிகாரிகள் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்கள். எனவே இலவச மருத்துவ வசதியைப் பற்றிய 25ஆம் பிரிவையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள். மூளைக்காயம் என்ற பெயர் அச்சட்டத்தின் 21 குறைபாட்டு வகைகளில் தனியாக இல்லை. உங்கள் கணவரின் சொல் தடுமாற்றம் அபேசியா (மூளைப் பாதிப்பால் வரும் மொழிக் குறைபாடு) என்று டாக்டர் எழுதித் தந்தால், பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு என்ற வகையில் மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யு.டி.ஐ.டி.க்கு விண்ணப்பிக்கலாம். மனுவுக்கு முன் அதைத் தொடங்கிவிடுங்கள்.

லிங்கராஜபுரத்துக்காரி:

அனைவருக்கும் நன்றி. இன்று காலை தாழ்வாரத்தில் காத்திருந்த ஏழு குடும்பங்களிடம் பேசினேன். ஐந்து பேர் கையெழுத்திடச் சம்மதித்தார்கள். மற்ற இருவர், பெயர் தெரிந்தால் இருக்கிற ஒரு நாளும் போய்விடுமோ என்று தயங்குகிறார்கள். எனக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. விண்ணப்பத்தை 150 சொற்களுக்குள் கன்னடத்தில் எழுதித் தர யாரேனும் முன்வர முடியுமா?