குளத்த சுத்தி சுவர் வேணாம், பேவர் பிளாக் வேணாம்னு ஒரு பிளான் - ஒத்துக்கலாமா?

வில்லியனூர்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். பாண்டிச்சேரி வில்லியனூர்ல எங்க நகர் நடுவுல ஒரு பழைய குளம் இருக்கு, கரையோட சேத்து ஒரு ஏக்கர் வரும். ரொம்ப வருஷமா ஆகாயத்தாமரையும் குப்பையுமா கெடந்துச்சு, இப்ப தூர் வாரி முடிஞ்சிடுச்சு, அடுத்து கரைய சுத்தி பார்க் மாதிரி பண்ண பணம் ஒதுக்கறாங்க. எங்க தெருப் பொண்ணு ஒண்ணு ஆர்க்கிடெக்சர் முடிச்சிட்டு அதுக்கு மேல லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சரும் (பார்க், குளக்கரை மாதிரி வெளியிடங்கள வடிவமைக்கற படிப்பு) படிச்சிட்டு வந்திருக்கு, வயசு இருபத்தேழு எட்டுதான் இருக்கும், அது காசு எதுவும் வாங்காம ஒரு பிளான் போட்டுக் குடுத்திருக்கு.

பிளான்ல சுத்துச்சுவர் கிடையாது, கிரில் கிடையாது. கரைய கல்லு கட்டி செங்குத்தா நிறுத்தாம சாய்வா விடணும்ங்குது. நடக்கற பாதைக்கு பேவர் பிளாக் வேணாம், செம்மண் கிராவல் போதும்ங்குது. கிழக்குப் பக்கம் கொஞ்சம் பள்ளமா ஒரு புல்தரை, மழைல அதுல தண்ணி நின்னு இறங்கும், மத்த நாள்ல பசங்க விளையாடலாம். பழைய அரசமரத்த சுத்தி நீளமா திண்ணை. நாட்டு மரம் மட்டும்தான் வைக்கணும். ஃபவுண்டன், செல்ஃபி பாயிண்ட் எதுவும் இல்ல.

அந்தப் பொண்ணு வேலை பாத்த விதம் எனக்கு ரொம்ப புடிச்சிருந்தது. சாயங்காலம் சாயங்காலம் நோட்ட எடுத்துட்டு வந்து குளத்தாண்ட உக்காந்து, யாரு எந்தப் பக்கமா வராங்க, எங்க நிழல் விழுது, எந்த மூலைல பெண்கள் நிக்கவே மாட்டேங்கறாங்கன்னு எல்லாம் எழுதும். ஸ்கூல் பசங்கள கூப்புட்டு உங்களுக்கு இங்க என்னா வேணும்னு வரைய சொல்லுச்சு. வயசான அம்மாங்கள்ட்ட பழைய படித்துறை எங்க இருந்துச்சுன்னு கேட்டு அத பிளான்ல கொண்டாந்துடுச்சு. ஃபெஞ்சல் புயலப்ப தண்ணி எதுவரைக்கும் ஏறுச்சுன்னு வீடு வீடா கேட்டு செவுத்துல சாக்பீஸ்ல கோடு போட்டுட்டுப் போச்சு.

ஆனா எங்க நகர் சங்கத்துல பாதிப் பேரு ஒத்துக்கல. சுவர் இல்லாம விட்டா கொழந்தைங்க உள்ள விழும், குடிக்கறவனுங்க வந்து உக்காருவானுங்க, மழைத்தண்ணி நிக்கற பள்ளம்னா கொசு, பேவர் பிளாக் போட்டாதான் சுத்தமா இருக்கும், சின்னப் பொண்ணு வெளிநாட்டு படம் பாத்து போட்டிருக்குன்னு பேசறாங்க. எனக்கு பிளான் சரின்னு தோணுது, ஆனா பதில் சொல்ல வரல. வர்ற ஞாயித்துக்கிழமை கூட்டம். வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மஞ்சக்குப்பம் பூவரசு:

சார், நான் கடலூர், இதே தொழில்தான் பண்றேன். யாரு எங்க உக்கார்றாங்கன்னு வந்து பாத்து எழுதின பொண்ணு வெளிநாட்டு படத்த பாத்து போட்டிருக்காது, அத மொதல்ல சங்கத்துல சொல்லுங்க. எங்க தொழில்ல பாதி வேலை அந்த நோட்டுலதான் நடக்குது, நெறைய பேரு அத செய்யாம நேரா கம்ப்யூட்டர்ல மரம் ஒட்டி கலர் படம் காட்டிடறாங்க.

தண்ணி கணக்க எடுத்துக்கங்க. 1 ஏக்கர்ல 1 சென்டிமீட்டர் மழை பெஞ்சா சுமார் 40,000 லிட்டர். 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் வந்தப்ப பாண்டிச்சேரில ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, அப்பன்னா ஏக்கருக்கு 16 லட்சம் லிட்டருக்கு மேல. அது ஒண்ணு மண்ணுக்குள்ள எறங்கணும், இல்ல குளத்துக்குப் போகணும், ரெண்டும் இல்லன்னா உங்க வீட்டு வாசல்தான். சுத்துச்சுவர் கட்டினீங்கன்னா தெருத் தண்ணி குளத்துக்குள்ள போக வழியே இருக்காது, ரெண்டு மூணு ஓட்டை விட்டிருப்பாங்க, மொத மழையிலயே பிளாஸ்டிக் கவர் வந்து அடைச்சிக்கும். பேவர் பிளாக் இடுக்குல தண்ணி எறங்கும்னு சொல்லித்தான் விக்கறாங்க, ஆனா அடில ரோலர் போட்டு இறுக்கி இடுக்கையும் சிமெண்ட்டால பூசி விட்டுட்டா ஒரு சொட்டு எறங்காது. அதுலயும் மரத்தோட அடி வரைக்கும் பிளாக் பதிக்கறத பாத்தா வயிறு எரியுது சார், மரத்த சுத்தி 1 மீட்டருக்கு சிமெண்ட் இருக்கக் கூடாதுன்னு பசுமைத் தீர்ப்பாயம் டெல்லிக்கு 2013லயே உத்தரவு போட்டுச்சு, இன்னும் எல்லா ஊர்லயும் அதையேதான் பண்றாங்க. 2011 டிசம்பர் 30 தானே புயல் நம்ம ரெண்டு ஊருக்கும் நடுவுலதான் கரைய கடந்துச்சு, வேர் ஓட எடமில்லாத மரம் என்னா ஆகும்னு நம்ம ஊர்க்காரங்களுக்கு தனியா சொல்ல வேண்டியதில்ல.

பள்ளமான புல்தரை நல்ல யோசனை. சீனால காங்ஜியான் யூன்னு ஒரு லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட், 2025ல விமான விபத்துல போயிட்டாரு, ஊரே மழைத்தண்ணிய உறிஞ்சி வச்சிக்கணும்னு ஸ்பான்ஞ் சிட்டிங்கற பேர்ல உலகம் பூரா எடுத்துட்டுப் போனவரு. சென்னை மாநகராட்சி கூட பூங்காக்கள்ல பள்ளம் எடுத்து அதுமாதிரி பண்ணிட்டிருக்காங்க. ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் வச்சிருக்கற நமக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல, ஏரி தாங்கல் குளம்னு ஒண்ணுலேருந்து ஒண்ணுக்கு தண்ணி போற ஏற்பாட்ட நடுவுல மறந்துட்டோம், அவ்ளோதான்.

கொசு விஷயத்துக்கு: முட்டைலேருந்து கொசுவா பறக்க சுமார் ஒரு வாரம் ஆகும். பள்ளத்துல தண்ணி ரெண்டு நாளுக்குள்ள எறங்கிடுச்சுன்னா அங்க கொசு உருவாகவே முடியாது. அதனால அந்தப் பொண்ணுட்ட கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான், அந்த எடத்துல குழி வெட்டி தண்ணி ஊத்தி எவ்ளோ நேரத்துல எறங்குதுன்னு பாத்தியாம்மான்னு. களிமண்ணா இருந்தா அடில மணலும் ஜல்லியும் போட்டு உபரித் தண்ணி குளத்துக்குப் போற மாதிரி குழாய் விடணும். பாண்டிச்சேரில யானைக்கால் நோய எதிர்த்து 1980கள்ல கொசு ஆராய்ச்சி மையம் பண்ண வேலைய பெரியவங்க ஞாபகம் வச்சிருப்பாங்க, கொசு மருந்து மட்டும் இல்ல, கொசு முட்டை போடற எடத்தையே இல்லாம பண்றதுதான் அதுல முக்கியம். தேங்கின சாக்கடைக்குத்தான் பயப்படணும், நல்ல குளத்துல மீனே புழுவ தின்னுடும்.

திண்ணை பத்தி. பாண்டிச்சேரி தமிழர் பகுதில வைசியாள் வீதிய போய் பாக்க சொல்லுங்க உங்க சங்கத்துக்காரங்கள. தெருப்பக்கமா தாழ்வாரம் எறக்கி, போறவன் வர்றவன் நிழல்ல ஒதுங்கி உக்கார திண்ணை போட்டு வச்சிருந்தாங்க, அந்தத் தெருவ சீர் பண்ணதுக்கு 2008ல யுனெஸ்கோ விருது கெடச்சுது. யாரோ ஒருத்தர் எப்பவும் வாசல்ல உக்காந்திருக்கற தெருவுல திருடன் நொழைய யோசிப்பான். குளத்துக்கும் அதேதான். குடிக்கறவங்களுக்கு வேண்டியது மறைவு, உள்ள நடக்கறது வெளிய தெரியாத 6 அடி சுவர நீங்களே கட்டிக் குடுக்காதீங்க. கடற்கரைச் சாலைல சாயங்காலம் எவ்ளோ கூட்டம், அங்க புதுசா எதுவும் கட்டினதாலயா வராங்க? 6 மணிக்கு மேல வண்டிய விடறதில்ல, காத்து வருது, உக்கார எடம் இருக்கு, போதும் சார் ஜனங்களுக்கு.

பழைய ஓவர்சியர்:

தம்பி, பொதுப்பணித்துறைல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். மேல பூவரசு அம்மா சொன்னதுல பெரும்பாலும் எனக்கு சம்மதம், சிலது மட்டும் நடைமுறைக்கு சொல்றேன்.

சாய்வுக் கரை நல்லதுதான், ஆனா அதுக்கு அகலம் வேணும். 1 அடி எறங்க 3 அடியாவது வெளிய போகணும், கொழந்தைங்க நடமாடற எடம்னா 5 அடி. 6 அடி ஆழத்துக்கு 30 அடி ஆச்சு, ஒரு ஏக்கருக்குள்ள நாலு பக்கமும் அப்படி விட்டா குளம் எங்க இருக்கும்? அதனால ரோடு ஒட்டி இருக்கற ஒரு பக்கம் கல்லு கட்டித்தான் ஆகணும், அந்தப் பக்கம் மட்டும் எடுப்பா 3 அடி கம்பி வேலி போடுங்க, பாத்தா தண்ணி தெரியணும். மத்த பக்கம் சாய்வா விட்டு, தண்ணி தொடங்கற எடத்துல முழங்காலளவு ஆழத்துக்கு ஒரு தட்டு விட்டுட்டு அப்புறம் ஆழம் கொண்டு போங்க. தவறி விழுந்த புள்ள எழுந்து நிக்கும். செங்குத்துச் சுவர் உள்ள குளத்துல விழுந்தா பெரியவனாலயே பிடிச்சி ஏற முடியாது, சங்கத்துல இத அழுத்தி சொல்லுங்க, பாதுகாப்புக்குன்னு கேக்கறவங்களுக்கு இதுதான் பதில்.

கிராவல் மட்டும் பரப்பினா ரெண்டு மழைக்கு அரிச்சிட்டுப் போயிடும், சக்கர நாற்காலியும் ஓடாது. செம்மண் கிராவலோட சுண்ணாம்பு கலந்து தண்ணி தெளிச்சி ரோலர் போட்டு கெட்டிப் பண்ணணும், ஓரத்துக்கு செங்கல் வரிசை. வளைவு ஏத்தம் எல்லாம் 20 அடிக்கு 1 அடிக்கு மேல போகக் கூடாது. இது எஸ்டிமேட்லயே எழுதி இருக்கணும், இல்லன்னா கான்ட்ராக்டர் தெரிஞ்ச வேலையான பேவர் பிளாக்கத்தான் போட்டுட்டுப் போவாரு.

எல்லாத்துக்கும் முன்னாடி வரத்து வாய்க்கால பாருங்க. வீட்டு சாக்கடை ஒண்ணு ரெண்டு அதுல கலந்திருக்கும், கலக்காத ஊர நான் பாத்ததில்ல. அத திருப்பி விடாம எவ்ளோ அழகு பண்ணாலும் ஆகாயத்தாமரை திரும்ப வந்துடும். குளத்துக்குள்ள தண்ணி விழறதுக்கு முன்னாடி வண்டல் தங்கற தொட்டி, குப்பை மாட்டற கம்பி, அப்புறம் நெரம்பினா வெளியேற போக்கு வாய்க்கா, இது மூணும் அந்தப் பொண்ணு வரைஞ்ச படத்துல லெவலோட இருக்கான்னு கேளு.

சுவர் கட்டினா எல்லாம் அடங்கிடும்னு நெனைக்கறவங்களுக்கு நம்ம கடற்கரையே பாடம். 80கள் கடைசில துறைமுகத்துக்காக கடலுக்குள்ள கல்லு நீட்டினாங்க, தெக்கேருந்து வடக்கே போற மணல் அதோட நின்னு போச்சு, ஊருக்கு இருந்த மணல் கரை போச்சு. பாறாங்கல்லு கொட்டினாங்க, இங்க கொட்டினா அரிப்பு வடக்கே குருசுக்குப்பம் வைத்திக்குப்பம் சோலை நகர்னு தள்ளிப் போச்சு. 2018ல தலைமைச் செயலகத்துக்கு எதிர்ல கடலுக்குள்ள செயற்கை திட்டு அமைச்ச பிறகுதான் கொஞ்சம் மணல் திரும்புச்சு. தண்ணியோட போக்க புரிஞ்சிக்கிட்டு செய்யற வேலைதான் நிக்கும் தம்பி.

ரெட்டியார்பாளையம் அம்மா:

அண்ணா, நான் படிச்சவ இல்ல இந்த விஷயத்துல, ரெண்டு புள்ளைங்கள பார்க்குக்கு கூட்டிட்டுப் போறவளா சொல்றேன். எங்க பக்கத்துல ஒரு பார்க்ல ஆள் உயரத்துக்கு அடர்த்தியா செடி வளத்து வச்சிருக்காங்க, பாக்க நல்லாதான் இருக்கு, ஆனா ஆறு மணிக்கு மேல நாங்க யாரும் அந்தப் பக்கம் போறதில்ல. செடி முட்டிக்கு கீழ இருக்கட்டும், மரம் தலைக்கு மேல கிளை விடட்டும், நடுவுல கண்ணுக்கு மறைவே இருக்கக் கூடாது. விளக்கு ஒரே ஒரு பெரிய கம்பத்துல பளிச்சுன்னு வேணாம், பாதை ஓரமா தணிவா நெறைய வேணும். கண்டிப்பா டாய்லெட் வேணும், பெண்களுக்கு தனியா, தண்ணி வர்ற மாதிரி, அது இல்லாததாலதான் வயசான அம்மாங்க அரை மணி நேரத்துல எழுந்து போயிடறாங்க. அந்தப் பொண்ணு பிளான்ல டாய்லெட் இருக்கா? பெண்கள் நிக்காத மூலைய கூட எழுதி வச்சிருக்குன்னு சொன்னீங்களே, அதுக்காகவே அந்தப் பொண்ணு பிளானுக்கு ஓட்டு போடலாம் அண்ணா.

திண்ணைல கொஞ்ச தூரமாவது சாஞ்சிக்க முதுகும், ஊனி எழ கைப்பிடியும் வைக்க சொல்லுங்க, எங்க மாமியாருக்கு முட்டி வலி.

நொச்சிக்காட்டான்:

எங்க ஊர் கடலூருக்கு தெக்க, வெட்டிவேர் போடற ஊரு. கரைச் சரிவுக்கு லான் புல்லு போடாதீங்க, தெனம் தண்ணி கேக்கும். தண்ணி ஏறி எறங்கற கோட்டுல வெட்டிவேர் நாத்த வரிசையா நெருக்கி நடுங்க, வேர் நேரா கீழ 10 அடி வரைக்கும் போற பயிர் அது, கரை மண்ண விடாது, ஆடு மாடும் ரொம்ப கடிக்காது. அதுக்கு மேல அங்கங்க நொச்சி. மரத்துக்கு புங்கம், பூவரசு, புன்னை, நாவல், தண்ணியோரம் நீர்மருது, இதெல்லாம் நம்ம மண்ணுக்கு பழகினது. சீக்கிரம் பச்சையா தெரியணும்னு கோனோகார்ப்பஸ்ங்கற வெளிநாட்டு மரத்த கொண்டாந்தா வாங்காதீங்க. மியாவாக்கின்னு ஒரு சதுர மீட்டருக்கு மூணு நாலு கன்னு நடறதும் ஒரு ஓரத்துக்கு சரி, மேல அந்த அக்கா சொன்ன மாதிரி ஜனங்க நடக்கற எடத்துல வேணாம்.

ஆடி கடைசில குழி எடுத்து, ஐப்பசி மழைக்கு முன்னாடி நட்டுடுங்க. அப்புறம் முதல் ரெண்டு கோடைக்கு யாரு தண்ணி ஊத்தறதுன்னு பேரோட எழுதுங்க. கன்னு நடற அன்னைக்கு போட்டோவுக்கு நூறு பேரு வருவாங்க, சித்திரை வெயில்ல குடத்தோட ஒருத்தர் இருக்க மாட்டாங்க, கன்னு சாவறது அப்பதான்.

வில்லியனூர்வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இத அப்படியே அந்தப் பொண்ணுட்ட காட்டினேன். குழி வெட்டி தண்ணி ஊத்தி பாத்திருக்கு, கிழக்குப் பக்கம் ராத்திரி ஊத்தினது மறுநாள் மத்தியானத்துக்குள்ள எறங்கிடுச்சாம், அதனாலதான் புல்தரைக்கு அந்த எடத்த எடுத்துச்சாம். ரோட்டோரம் கல்லு கட்டறதுக்கும் 3 அடி வேலிக்கும் ஒத்துக்குச்சு, முழங்கால் தட்டு ஏற்கனவே படத்துல இருக்கு, கிராவல்ல சுண்ணாம்பு கலக்கறத ஓவர்சியர் சார் சொன்ன மாதிரி எஸ்டிமேட்ல சேக்குது. டாய்லெட் இல்ல, அந்த அம்மா கேட்டத பாத்ததும் அரசமரத்துக்கு வடக்கால எடம் ஒதுக்கிடுச்சு. வரத்து வாய்க்கால்ல மூணு வீட்டு சாக்கடை கலக்குது, அதுல ஒண்ணு சுவர் வேணும்னு கேக்கறவரோட வீடு, அவர்ட்ட நான் தனியா போய் பேசறேன். கோடைல தண்ணி ஊத்த தெருவுக்கு ரெண்டு வீடுன்னு லிஸ்ட் எழுத ஆரம்பிச்சிட்டோம். நொச்சிக்காட்டுத் தம்பி, வெட்டிவேர் நாத்து எந்த மாசம் கெடைக்கும், எங்க கரை சுமார் 400 அடி வரும், எவ்ளோ வாங்கணும்னு மட்டும் சொல்லுங்க.

நொச்சிக்காட்டான்:

அரை அடிக்கு ஒரு நாத்துன்னு வச்சா ஒரு வரிசைக்கு 800, ரெண்டு வரிசையா நட்டா 1600, போறது வர்றதுக்கு சேத்து 1800 சொல்லி வைங்க. வேர் எடுக்கற சமயத்துல நாத்து தாராளமா கெடைக்கும், அறுவடை நாள் தெரிஞ்சதும் இங்கயே போடறேன், அன்னைக்கே ஏத்தி அன்னைக்கே நட்டுடணும் அண்ணா, சாக்குல ஈரமா சுத்தி எடுத்துட்டுப் போங்க.