சிங்கி இறாலை எவ்வளவு நேரம் அவிப்பது?

அக்காமார், அண்ணாமார், அவசரமாக ஒரு உதவி. ஹம்பாந்தோட்டையில் வேலை செய்யும் மச்சான் ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு இரண்டு சிங்கி இறால் கொண்டுவந்திருக்கிறார். நெத்தலிக் கருவாட்டுக்குப் பழகிய குசினி எங்களுடையது. நண்டு மாதிரி கொடுக்கு இல்லை. உடம்பைவிட நீளமான இரண்டு முள் மீசைதான், தொட்டாலே கையைக் கீறுகிறது. (மகள் கதிரையில் ஏறி நிற்கிறாள்.) முட்டையோடு இருப்பதைப் பிடிப்பது தடையாச்சே என்று வாலைப் புரட்டியும் பார்த்தேன், நல்லவேளை இல்லை.

10 நிமிடம் அவித்தால் போதும் என்கிறார் மச்சான். அது கடற்கரைக் கணக்கு. நுவரெலியாவில், 1868 மீட்டர் உயரத்தில், தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். பருப்பே லேசில் வேகாது. எத்தனை நிமிடம் கூட்டலாம்? கூடிப்போனால் சதை ரப்பர் மாதிரி ஆகிவிடுமாமே. அப்புறம், வாலில் ஓடும் கறுப்புக் குடலை அவிக்க முன் எடுப்பதா, பிறகா? ஐஸ் கரைகிறது, கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.