புதுப்பிப்பு: வீட்டுக்கு லேப்டாப் வாங்கியாச்சு

போன மாசம் கேட்டிருந்தேன்ல, பழைய லேப்டாப்பு விண்டோஸ் 11 ஏத்துக்கல, வீட்டுக்கு 2000 ரிங்கிட்டுக்குள்ள எது வாங்கலாம்னு, பதில் சொன்ன அண்ணன் அக்கா எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பழசுல இருக்கற விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் நிப்பாட்டிட்டாங்க, பேங்க் வேலையெல்லாம் அதுல பாக்க எனக்குப் பயம்.

சுங்கை சிப்புட்ல ஒரு கடையில மலிவா ஒண்ணு காட்டுனாங்க, 4 ஜிபி ரேம் (வேலை நடக்கறப்ப புழங்குற மெமரி), 128 ஜிபி இஎம்எம்சி (ஃபைல் வைக்கற இடம், எஸ்எஸ்டிய விட மெதுவானது). நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி ரேம் பின்னாடி ஏத்த முடியுமான்னு கேட்டேன், போர்டுலயே சால்டர் பண்ணி ஒட்டிருக்கு, மாத்த முடியாதுன்னுட்டாங்க, அப்படியே வச்சிட்டு வந்துட்டேன். அந்த ஒரு கேள்வி மட்டும் தெரியலன்னா அன்னிக்கே காசு குடுத்திருப்பேன்.

அப்புறம் ஈப்போ போய் 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, ரேமுக்கு ஒரு ஸ்லாட் காலியா இருக்கறதா பாத்து எடுத்தோம், 1899 ரிங்கிட். பக்கவாட்டுல பாத்தாலும் தெளிவாத் தெரியுற ஐபிஎஸ் ஸ்கிரீன்தான் வேணும்னு பிடிவாதமா நின்னது நல்லதாப் போச்சு, சாயங்காலம் அஞ்சடியில (முன் வராந்தாவுல) பாய் போட்டு மக பாடம் பாக்குறப்ப அம்மா ஒரு ஓரமா உக்காந்து எட்டிப் பாத்தாலும் எழுத்து வெளுக்காம தெளிவாத் தெரியுது, பழசுல சாய்ச்சுப் பாத்தா எல்லாம் கருப்பாயிரும்.

நம்ம பக்கம் இடி மின்னல் ஜாஸ்தி, மழை இருட்டுனா நான் முதல்ல சார்ஜரைப் பிடுங்கிடுறேன், நீங்களும் செய்ங்க. தீபாவளி போனஸ் வந்ததும் இன்னொரு 8 ஜிபி போடணும்.