பல கோப்புறைகளிலிருந்து ஒரே வகைக் கோப்புகளை மட்டும் நீக்குவது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். என் தாத்தா எழுதிய கடிதங்களையும் குடும்பத்தின் பழைய புகைப்படங்களையும் ஸ்கேன் செய்து, விண்டோஸ் 10 கணினியில் ஆண்டுவாரியாக 60 கோப்புறைகளில் சேமித்திருக்கிறேன். மூலப் படங்கள் 'டி.ஐ.எஃப்.எஃப்' என்ற நான்கெழுத்து நீட்சியிலும் (கோப்புப் பெயரில் புள்ளிக்குப் பின் வரும் பகுதி), திருத்தும்போது உருவான தேவையற்ற நகல்கள் 'டி.ஐ.எஃப்' என்ற மூன்றெழுத்து நீட்சியிலும் உள்ளன. இந்த நகல்களை மட்டும் எல்லாக் கோப்புறைகளிலிருந்தும் ஒரே முறையில் நீக்க விரும்புகிறேன்.

கட்டளைச் சாளரத்தில், எந்தப் பெயரையும் குறிக்கும் நட்சத்திரக் குறியோடு மூன்றெழுத்து நீட்சியைக் கொடுத்து, நீக்குவதற்கு முன் எச்சரிக்கையாகப் பட்டியலிட்டுப் பார்த்தபோது மூலப் படங்களும் அதில் வந்தன. எம்.எஸ்.டாஸ் என்ற பழைய இயங்குதளக் காலத்து 8 எழுத்துப் பெயர், 3 எழுத்து நீட்சி என்ற குறும்பெயரையும் விண்டோஸ் இந்தக் கோப்புகளுக்கு உருவாக்கி வைத்திருப்பதால், நான்கெழுத்து நீட்சியும் அங்கே மூன்றெழுத்தாகச் சுருங்கிப் பொருந்திவிடுகிறது என்று புரிந்துகொண்டேன். 'டெல்' கட்டளையால் அழிபவை மறுசுழற்சித் தொட்டிக்கும் செல்வதில்லை என்பதால் மேலே தொடர அஞ்சுகிறேன். அந்தக் கடிதங்களில் பல இப்போது தாளாக எங்களிடம் இல்லை.

விண்டோஸின் மற்றொரு கட்டளைக் கருவியான பவர்ஷெல்லில் நீட்சியை முழுமையாக ஒப்பிட்டு, துணைக் கோப்புறைகள் அனைத்திலும் தேடி, 'வாட்இஃப்' என்ற தெரிவின் மூலம் முதலில் பட்டியலை மட்டும் காட்டும் கட்டளையை எவ்வாறு எழுத வேண்டும் என்று அறிந்தவர்கள் விளக்கினால் மிகுந்த நன்றியுடையவனாக இருப்பேன்.