பல்லடத்திலிருந்து எம்51: நடுவிலுள்ள பாலம் வரமாட்டேங்குது

தோட்டத்துவாசி:
வணக்கமுங்க. பல்லடம் பக்கம் தோட்டத்து வீடு. ஆறு இஞ்ச் நியூட்டோனியன் டெலஸ்கோப், வானச் சுழற்சிக்கு ஏற்பத் திரும்பும் இக்யூ5 மவுண்ட், பழைய கேனான் 600டி கேமரா. பொடக்காணியில் வைத்து எம்51 சுழல் கேலக்ஸியையும் அதை ஒட்டியிருக்கும் சின்ன கேலக்ஸி என்ஜிசி 5195ஐயும் படம் எடுக்கிறேன். ரெண்டோட நடுப்பகுதியும் பளிச்சென்று வருகிறது, ரெண்டையும் சேர்க்கிற அந்தக் கை மட்டும் சாம்பல் பூத்த மாதிரி கரைந்துவிடுகிறது. துருவ நட்சத்திரம் நமக்கு 11 டிகிரி உயரத்தில்தானே, தென்னைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது, அதனால் போலார் அலைன்மென்ட் (மவுண்டின் அச்சை வானத் துருவத்துக்கு நேராக வைப்பது) குத்துமதிப்புதான், 30 செகண்ட் தாண்டினால் நட்சத்திரம் கோடாகிறது. லைட் பொல்யூஷன் ஃபில்டர் வாங்கலாமா?

நொய்யல்கரை:
ஃபில்டர் வேண்டாமுங்க. கேலக்ஸி வெளிச்சம் நட்சத்திர வெளிச்சம், எல்லா நிறத்திலும் பரவியிருக்கும். எல்இடி தெருவிளக்கும் அப்படியேதான், எதை வடிகட்டுவது? சில நிறத்தில் மட்டும் ஒளிரும் வாயு மேகங்களுக்கு (நெபுலா) வாங்கினால் அர்த்தம் உண்டு.
முதலில் அலைன்மென்ட். லேப்டாப் இருந்தால் நினா என்கிற வானப்பட சாஃப்ட்வேரில் த்ரீ பாயிண்ட் போலார் அலைன்மென்ட் ப்ளக்இன் போடுங்க, துருவ நட்சத்திரம் தெரியவே வேண்டியதில்லை. இல்லையென்றால் ட்ரிஃப்ட் முறை: உச்சிக்கோட்டில் (வடக்கு தெற்காகத் தலைக்கு மேல் போகும் கோடு), வான நடுவரைக்கு (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானில் உள்ள கோடு) பக்கத்தில் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து, அது வடக்கு தெற்காக நகர்வது நிற்கும்வரை மவுண்டை இடம் வலமாகத் திருப்புங்க, அப்புறம் கிழக்கே தாழ்வாக ஒன்றைப் பிடித்து உயரத் திருகைச் சரிசெய்யுங்க. சலிப்பான வேலைதான். பிறகு ஒரு நிமிட ஃபிரேம்களாக நாலைந்து மணி நேரம் எடுத்து, எல்லாவற்றையும் ஒரே படமாகச் சேருங்க. மங்கலான கை அப்படித்தான் வெளியே வரும்.

உடுமலைக் காற்றாடி:
அண்ணா சொல்வது சரி, ஆனா திசையையும் பாருங்க. எம்51 நம்ம ஊரில் வடக்கே அதிகபட்சம் 54 டிகிரிதான் ஏறும், உங்களுக்கு வடக்கே திருப்பூர் வெளிச்சம். தெற்கே திரும்பி அஸ்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒன்றோடொன்று மோதும் ஆன்டெனா கேலக்ஸிகளை (என்ஜிசி 4038, 4039) பிடிக்கலாமே? பங்குனி அமாவாசையில் நள்ளிரவு வாக்கில் 60 டிகிரிக்கு வரும். ஐரோப்பாக்காரர்களுக்கு அடிவானத்தில் தவழ்கிற பொருள், நமக்கு நல்ல உயரத்தில்! இப்படிப்பட்ட பாலமும் நீண்ட வாலும் மோதலில் ஈர்ப்புவிசை இழுத்துவிட்டவைதான் என்று 1972இல் விஞ்ஞானிகளான டூம்ரே சகோதரர்கள் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டியது இந்த ஜோடியையும் எம்51ஐயும் வைத்துத்தான். எம்51ஐ விட ரொம்பச் சின்னது, மங்கல், வால் சுலபத்தில் வராது. ரெண்டும் சேர்ந்த இதய வடிவம் கண்டிப்பாக வரும்.

தோட்டத்துவாசி:
நன்றிங்க, தெற்கே கரும்புக்காடுதான், ஒரு விளக்கு இல்லை. இன்னொன்று, உச்சியைத் தாண்டியதும் டெலஸ்கோப்பை மறுபக்கம் புரட்டும்போது மவுண்டின் எடைக்கல் ட்ரைபாட் காலில் இடிக்குது.

நொய்யல்கரை:
குறைந்த அட்சரேகைத் தொல்லை அது. வடக்குப் பக்கம் காலுக்குப் பதிலாக ரெண்டு காலுக்கு நடுச்சந்து வருகிற மாதிரி ட்ரைபாடைத் திருப்பி வைங்க. சாயாமல் நிற்கிறதா என்று டெலஸ்கோப்பை ஏற்றுவதற்கு முன்பே ஆட்டிப் பாருங்க.